டோடோரோ வீட்டு வாசலில் ஒரு பி.காம்.

ஜப்பானுக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "புல்லட் ரயில்ல போனியா?" இல்லை. இரண்டாவது, "ஃபூஜி மலை பாத்தியா?" இல்லை. போன அன்றிலிருந்து மழை, மேகம். மூன்றாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். அதற்கும் இல்லைதான், சத்தியமாக.

"பின்னே நாற்பது நாள் அங்க என்னதான்யா பண்ணே?"

பொம்மைப் படம் பார்த்தேன். ஒரே படத்தை. பதினோரு தடவை.

கதையை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன். டோக்கியோவில் இருக்கும் என் தங்கை உமாவுக்கு இரண்டாவது பிரசவம். ஏழாம் மாதம் நடக்கும்போதே பிரஷர் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டார்கள். பாத்ரூம் தவிர வேறெதற்கும் எழுந்திருக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். லீவு கேட்டால் கொடுப்பார்கள். கேட்கத்தான் அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. வீட்டில் ஐந்து வயது நிலா. நியாயமாகத் தஞ்சாவூரிலிருந்து அம்மா போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால். சரி, குடும்பத்தில் சும்மா இருக்கிற ஆசாமி யார் என்று எல்லாரும் யோசித்தார்கள். யோசிக்கும்போதே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடியேன் பி.காம். எட்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் வவுச்சருக்கெல்லாம் பச்சை மையில் டிக் அடித்துவிட்டு, "எழுதப் போறேன்" என்று வெளியே வந்தவன். 'ஃப்ரீலான்ஸ்' என்கிற வார்த்தைக்கு எங்கள் வீட்டுத் தமிழாக்கம்: சும்மா.

ஆக, பருப்புப் பொடி, நார்த்தங்காய், அம்மா கொடுத்த குங்குமம், மூன்று மாத விசா சகிதம் நிஷி-கசாய் என்கிற பேட்டையில் போய் இறங்கினேன். டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எதோகாவா வட்டாரத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் வருஷத்தில் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்தப் பயத்தைத் தெளியவைக்க வந்த நம்மவர்கள், ஆபீஸுக்கு ஒரே ரயில் என்பதால் இங்கே வீடு பிடித்தார்கள். அப்படியே தங்கிவிட்டார்கள். கறிவேப்பிலை கிடைக்கிறது. துவரம்பருப்பு கிடைக்கிறது. பார்க்கில் நடக்கும் மாமிகள் தமிழிலேயே மருமகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அதிகம் சொல்வதற்கில்லை.

நிலாவுக்கும் எனக்கும் முதல் நாள் பேச்சுவார்த்தை சிரமமாகத்தான் இருந்தது. அவள் பேசுவது பாதி தமிழ், பாதி ஜப்பானிய மொழி. இரண்டும் போக மிச்சம் இருக்கும் இடத்தில் அவளே தயாரித்த சொந்த மொழி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, டோடோரோ பாத்திருக்கீங்களா?"

"இல்லையேம்மா."

என் மேல் அவளுக்கு ஏற்பட்ட பரிதாபத்தை வர்ணிக்க முடியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டி.வி. எதிரே உட்காரவைத்தாள்.

ஹயாவோ மியாசாகி எடுத்த படம். 1988 ஏப்ரல் 16-ஆம் தேதி வெளியானது. 86 நிமிஷம். கதை இவ்வளவுதான். 1950-களில் ஒரு கிராமம். சத்சுகி, மேய் என்று அக்கா தங்கை. சின்னவளுக்கு நாலு வயது. காலேஜில் வேலை பார்க்கும் அப்பாவோடு ஓர் ஓட்டை வீட்டுக்குக் குடிவருகிறார்கள். அம்மா மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பக்கத்துக் காட்டில், யானைக்குத் தம்பி மாதிரி பஞ்சுமூட்டையாய் ஒரு ஜந்து இருக்கிறது. அதுதான் டோடோரோ.

நான் பழக்கதோஷத்தில் வில்லனுக்காகக் காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டியின் மேல் சந்தேகப்பட்டேன். நல்ல பாட்டி. ஒரு பையன் குடையைக் கொண்டுவந்து நீட்டினான், அவன் மேல் சந்தேகப்பட்டேன். நனைந்துகொண்டு நிற்கிற பெண்களுக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு அவன் நனைந்துகொண்டு ஓடுகிறான். படம் முடிந்தே போய்விட்டது. வில்லன் வரவேயில்லை!

"சரி, இந்தக் கதையில இருந்து நமக்கு என்ன தெரியுது?" என்றேன். நாமெல்லாம் நீதிக்கதை கேட்டு வளர்ந்தவர்கள். நரிக்கு ஒரு நீதி, காக்காய்க்கு ஒரு நீதி இல்லாவிட்டால் சோறு இறங்காது.

நிலா சற்று யோசித்தாள். "டோடோரோ பெரிசா இருக்கும்னு தெரியுது" என்றாள்.

* * *

குழந்தைகளுக்கான பொம்மைப் படங்களில் வாழ்க்கைப் பாடம் தேடுவது ஒரு வியாதி. எனக்கு அது உண்டு. நிலா தூங்கிய பிறகு அந்த வீட்டில் இருந்த மற்ற டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். (மாப்பிள்ளை வருவதற்குப் பதினோரு மணி ஆகும். ஆபீஸ்.)

2001-இல் இதே மியாசாகி எடுத்து, 2003-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் ஒரு சிறுமி பூதங்கள் குளிக்க வருகிற விடுதியில் வேலைக்குச் சேருகிறாள். முதலாளிக் கிழவி செய்கிற முதல் காரியம், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அவளுடைய பெயரைப் பிடுங்கிக்கொண்டு சின்னதாக வேறொரு பெயர் கொடுப்பதுதான். சொந்தப் பெயரை மறந்துவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியது. என்னை ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் "பி.காம்" என்றுதான் கூப்பிட்டார்கள். "அந்த ஃபைலை பி.காம்கிட்ட குடு." பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1989-இல் வந்த 'கிகி' படமும் அப்படித்தான். விளக்குமாற்றில் பறந்து பார்சல் கொடுக்கும் பதின்மூன்று வயதுச் சூனியக்காரிக்கு ஒருநாள் திடீரென்று பறக்க வரவில்லை. காரணம் கிடையாது. நேற்று வந்தது, இன்று வரவில்லை, அவ்வளவுதான். வாரா வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறவனுக்கு அது பேய்ப் படம்.

ஆனாலும் டோடோரோதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காரணம் படத்தில் இல்லை. அந்த வீட்டில் இருந்தது.

உமா இருந்த ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வார்டுக்குள் அனுமதி கிடையாது. மாப்பிள்ளை மட்டும் தினம் ஒருவேளை பதினைந்து நிமிஷம் போய்ப் பார்க்கலாம். நிலா அம்மாவைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஃபோனில் முகம் தெரியும். பேசுவாள். பேசி முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து டோடோரோவைப் போடுவாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிற இரண்டு குட்டிப் பெண்களின் கதையை ஒரு குட்டிப் பெண் தினமும் எதற்குப் போட்டுப் பார்க்கிறாள் என்பது எனக்கு உறைக்க நாலு நாள் ஆயிற்று. பி.காம். மூளை.

* * *

முதலில் என் சாகசம் ஒன்று. அதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

டோக்கியோவின் மேற்கே மிதாக்கா என்னும் இடத்தில் மியாசாகியின் கிப்லி ஸ்டூடியோக்காரர்கள் 2001 அக்டோபரில் ஒரு மியூசியம் திறந்தார்கள். நிஷி-கசாயிலிருந்து மாறாமலே போகிற ரயில்கூட உண்டு. "வா, டோடோரோ வீட்டுக்கே போவோம்" என்று ஒரு சனிக்கிழமை மாமா மார்தட்டிக் கிளம்பினேன். ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை. 1653-இல் இந்த ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவர வெட்டிய பழைய கால்வாய் ஒன்று கூடவே வருகிறது. இரண்டு பக்கமும் மரம். நிலா முன்னால் குதித்துக்கொண்டு போகிறாள். நான் மனசுக்குள் கட்டுரையின் முதல் பாராவை எழுதிக்கொண்டு போகிறேன்.

வாசலில் கண்ணாடிக்குப் பின்னே டிக்கெட் கவுன்ட்டர். உள்ளே உட்கார்ந்திருப்பது சாட்சாத் டோடோரோ! ஆளுயரத்துக்கு மேலே, கண்ணை விரித்துக்கொண்டு. அது விளையாட்டுக் கவுன்ட்டர். நிஜக் கவுன்ட்டர் இந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. போனோம்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. வாசலில் டிக்கெட் விற்பது கிடையாது. ஒவ்வொரு மாசமும் 10-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அடுத்த மாசத்துக்கான டிக்கெட்டை விற்பார்கள். நாள், நேரம் எல்லாம் முன்கூட்டியே குறித்து வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு 1000 யென், நிலா வயசுக்கு 100 யென். பணம் பையில் இருக்கிறது. வாங்கத்தான் வழியில்லை. பிளாக்கில் விற்கிற புண்ணியவான் எவனாவது நிற்கிறானா என்று சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நோட்டம் விட்டேன். ம்ஹூம். சைக்கிள்கள்கூட மரியாதையாக நின்றன.

கவுன்ட்டரில் இருந்த பெண் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். தப்பு செய்தவன் நான். நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். இப்படியே இன்னும் இரண்டு சுற்றுப் போயிருக்கும், நிலா என் சட்டையை இழுத்திராவிட்டால்.

"மாமா புக் பண்ணலையா?"

"மறந்துட்டேன்டா கண்ணா." மறக்கவில்லை. தெரியவில்லை. ஐந்து வயதுக் குழந்தையிடம்கூட 'தெரியாது' என்று சொல்ல வராத ஜாதி நாம்.

"தைஜோபு" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். பொய் டிக்கெட் கவுன்ட்டருக்கே திரும்பி ஓடி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு டோடோரோவிடம் என்னவோ நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டதற்கு, "அம்மா வெள்ளிக்கிழமை வர்றான்னு சொன்னேன்" என்றாள்.

* * *

வெள்ளிக்கிழமை விவகாரம் இதுதான். உமாவுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம், பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றிருந்தார் டாக்டர். நாங்கள் 'இப்படியே இருந்தால்' என்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிலாவிடம் சொல்லியிருந்தோம். அவள் காலண்டரில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு பூனை படம் போட்டு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை ராத்திரி மாப்பிள்ளை வரும்போதே முகம் சரியில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். சிறுநீரில் புரதம் போகிறதாம். பிரசவம்வரை அங்கேயேதானாம்.

"மச்சான், நிலாகிட்ட இப்ப சொல்ல வேணாம். திங்கட்கிழமைன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாம்" என்றேன். அத்தனை சுலபமாக வந்தது.

திங்கள், வியாழனாயிற்று. நிலா ஒவ்வொரு தடவையும் பூனையை அழித்துவிட்டு வேறு கட்டத்தில் வரைந்தாள். மூன்றாவது தடவை பூனைக்கு மீசை போடவில்லை.

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள். வரப்போகும் லாபத்தை வந்ததாகக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு செய். கம்பெனிக் கணக்கில் இதை மீறியவர்களுக்குச் சிவப்பு மையில் குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். வீட்டில் ஒரு குழந்தையின் காலண்டரில் வராத வரவை மூன்று தடவை வரவு வைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி டோடோரோவைத் தனியாகப் பார்த்தேன். ஒன்பதாவது தடவையோ என்னவோ. ஒரு இடம் வருகிறது. அம்மா சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள் என்று பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. பெரியவள் ஓடிப்போய் அப்பாவுக்கு டெலிஃபோன் செய்து விசாரிக்கிறாள். அம்மாவுக்கு ஜலதோஷம், வரமுடியாது. உடனே தங்கையிடம் சொல்லிவிடுகிறாள். சுற்றி வளைக்கவில்லை, தேதி மாற்றவில்லை. சின்னது வீரிட்டு அழுகிறது. பெரியவள் கத்துகிறாள். கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை வீட்டையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த அந்தப் பெரியவளும் உடைந்துபோய், அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அழுகிறாள். குழந்தைகள் படத்தில்! நம் ஊரில் என்றால் இந்த இடத்தில் ஒரு குரங்கை விட்டுச் சிரிக்கவைத்திருப்பார்கள். மியாசாகி அழ நேரம் கொடுக்கிறார்.

அவருக்குத் தெரிந்த விஷயம்தான். 1941-இல் பிறந்தவர். அவருடைய சின்ன வயதில் அம்மா முதுகெலும்பில் காசநோய் வந்து பல வருஷம் படுக்கையில் இருந்திருக்கிறார். படத்தில் வரும் ஏழு நாட்டு மலை ஆஸ்பத்திரிக்கு முன்மாதிரி, டோக்கியோவின் ஓரத்தில் இருக்கும் எட்டு நாட்டு மலை என்பார்கள். ஹச்சிகோகுயாமா. ஒரு நாட்டை மட்டும் குறைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். டோடோரோ எந்த வியாதியையும் குணப்படுத்துவதில்லை. அத்தனை பெரிய உடம்பு, அத்தனை சக்தி. அம்மாவை எழுப்பி உட்காரவைத்தால் என்ன? செய்யாது. அது செய்வதெல்லாம், ராத்திரி மழையில் அப்பாவின் பஸ்ஸுக்காகத் தங்கையை முதுகில் தூங்கப்போட்டுக்கொண்டு நிற்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து, தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு, தானும் நிற்பது. ஒரு வார்த்தை பேசாது. அவள் மிச்சமிருந்த குடையைக் கொடுக்கிறாள். குடை மேல் மழை விழுகிற சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. எம்பி ஒரு குதி குதித்து மரத்துத் தண்ணீரையெல்லாம் குடைமேல் கொட்டவைத்துக் கேட்கிறது. பிறகு பூனை வடிவத்தில் பஸ் வருகிறது. குடையோடு ஏறிப் போய்விடுகிறது. குடை திரும்பி வந்ததாகவும் தெரியவில்லை.

டி.வி.யை அணைத்துவிட்டு நிலாவின் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை சயாமா குன்றுகளுக்குப் புறப்பட்டோம். டோடோரோ காடு என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. மியாசாகி குடியிருக்கும் தொகோரோசாவா பக்கம்தான். அந்தக் குன்றுகளில் நடந்து நடந்துதான் படத்தின் காட்டைப் பிடித்தாராம். 1990-இல் அந்த வட்டாரத்து ஜனங்கள், வீட்டு மனைக்காரர்கள் வெட்டித் தீர்ப்பதற்குள் காட்டை நாமே காசு போட்டு வாங்கிவிடுவோம் என்று நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். டோடோரோ பெயரையும் படத்தையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று மியாசாகி அனுமதி கொடுத்தார். 1991-இல் முதல் துண்டு வாங்கினார்கள். துண்டு துண்டாக இப்போது 50-க்கு மேலே சேர்த்துவிட்டார்கள். இங்கே ஒரு ஏக்கர், அங்கே நாலு சென்ட் என்கிற கணக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. என்னைப் போன்றவனுக்கு ஏற்ற இடம்.

மூன்று ரயில் மாற வேண்டும். கடைசி ரயிலில் ஏகப்பட்ட கூட்டம், எல்லாரும் ஒரே மாதிரி நீல பனியன். ஆஹா, டோடோரோவுக்கு இத்தனை பக்தர்களா என்று பூரித்துவிட்டேன். இறங்கியதும் மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் பேஸ்பால் மைதானத்துக்குப் போய்விட்டது. சீபு லயன்ஸ் டீமாம். அவர்களுடைய வெள்ளைச் சிங்கமும் ஒரு கார்ட்டூன் சிங்கம்தான், ஒசாமு தெசுகா வரைந்தது. இடப்பக்கம் போனவர்கள் நானும் நிலாவும் மட்டும்.

டோக்கியோவின் குடிதண்ணீர் ஏரி, அதன் கரை, கரையோரம் தேயிலைப் பாத்தி, பிறகு மரங்கள். முதல் காட்டுக்கு ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார்கள். படி ஏறினால்... ஒன்றுமில்லை. சிலை இல்லை, கடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வாட்டசாட்டமான ஓக் மரங்கள், ஈரமான இலைச் சருகு, போன வருஷத்து ஏகோர்ன் கொட்டைகள். அந்தக் காலத்தில் கிராமத்தார் அடுப்புக்கரிக்கு மரமும் எருவுக்குச் சருகும் எடுத்த காடு. காட்டை யாரும் அலங்காரம் செய்யவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். நிலா ஏமாந்துபோவாள் என்று பயந்தேன். அவளானால் குரலைத் தாழ்த்தி, "தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றாள்.

படியில் உட்கார்ந்தோம். லேசாகத் தூற ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் ஒரே குடை.

"நிலா, அம்மா வியாழக்கிழமை வரமாட்டா."

அவள் பேசவில்லை.

"திங்கட்கிழமையும் இல்ல. பாப்பா பொறக்குற வரைக்கும் அங்கதான் இருக்கணும். டாக்டர் போன வாரமே சொல்லிட்டாங்க. நானும் அப்பாவும் உன்கிட்ட தப்பாச் சொல்லிட்டோம்."

"எத்தனை நாள்?"

"தெரியாதும்மா." இந்தத் தடவை வந்துவிட்டது. "டாக்டருக்கும் சரியாத் தெரியாது."

"அப்ப வெள்ளிக்கிழமைன்னு ஏன் சொன்னீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீ அழுவாயே என்று பயந்தோம் என்றேன். அவள் உடனே அழுதாள். வீரிட்டு, அந்தக் காடு முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டு அழுதாள். மாமா கெட்டவர், அப்பா கெட்டவர், பாப்பாகூடக் கெட்ட பாப்பா. சமாதானப்படுத்தக் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். சாக்லேட்டை எடுத்தேன், அதையும் தட்டிவிட்டாள். வேறு வழி தெரியாமல் குடையை மட்டும் அவள் பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரமோ. என் இடது தோள் முழுக்க நனைந்து, தண்ணீர் முதுகுவழியாக இறங்கியது.

டோடோரோ வரவில்லை. வந்ததென்னவோ நாய் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா. நின்றார். எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அழுகை தேய்ந்து விக்கலாயிற்று. "அந்தச் சாக்லேட்டு எங்க?" என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு தோட்டத்து ஓரம் சின்னப் பலகைக் கடை. கடையில் ஆள் இல்லை. வெள்ளரி, கத்தரிக்காய், மக்காச்சோளம் அடுக்கி, விலை எழுதி, பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா. அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியது. எட்டு வருஷ ஆடிட்டர் உத்தியோகத்தில் இப்படி ஒரு கணக்கு முறையை நான் பார்த்ததில்லை. ரசீது இல்லை, ரொக்கப் புத்தகம் இல்லை, டப்பாவுக்குப் பூட்டு இருந்ததா என்றுகூடச் சொல்லமுடியாது. திகைத்து நின்றேன்.

நிலா வேறு காரணத்துக்காக நின்றாள். மக்காச்சோளம். படத்தில் அந்த நாலு வயசு மேய், தோட்டத்துச் சோளம் தின்றால் அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிடும் என்று ஒரு கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாக நடக்க ஆரம்பித்துத்தான் தொலைந்துபோவாள். சோளத்தின் பெயர்கூட வாயில் சரியாக வராது அவளுக்கு.

நிலா என்னைப் பார்த்தாள். நான் 200 யென்னை டப்பாவில் போட்டேன். டங்கென்று விழுந்தது.

* * *

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி. மழை விட்டபாடில்லை. வாசல்வரைதான் எங்களுக்கு அனுமதி. நிலா முதல் நாள் ராத்திரியே, சோளத்தின் பச்சை மட்டைமேல் பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி அழுத்தித் தமிழில் எழுதியிருந்தாள். 'அமாவுக்கு'. ஒரு 'ம்' குறைகிறது. திருத்த வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை சீக்கிரமே ஆபீஸிலிருந்து கிளம்பி வந்திருந்தார். மேலதிகாரியிடம் போய், வீட்டு விஷயம், போக வேண்டும் என்றாராம். அதற்கென்ன, போங்கள் என்றாராம் அவர். "இவ்வளவுதான் மச்சான்... ஒரு மாசமா இதைக் கேக்கறதுக்கு ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, சோளத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேலே போனார்.

நாங்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் நின்றோம். மூன்றாவது மாடி, இடமிருந்து ஐந்தாவது ஜன்னல். எண்ணிச் சொல்லியிருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. திரைச்சீலை விலகியது. நர்ஸ் ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. ஆனால் கையில் பச்சையாக ஒன்றைத் தூக்கித் தூக்கிக் காட்டியது தெரிந்தது.

என் ஃபோன் அடித்தது.

"அண்ணா, இவ்வளவு பெரிய சோளத்தை நான் இங்க எதுல வேகவைப்பேன்?" என்றாள் உமா. குரல் சரியில்லை. சிரிக்கிறாளா, இன்னொன்றா என்று புரியவில்லை. "ஏன் அண்ணா இப்படி நனைஞ்சிருக்கே? குடை இல்லியா?"

"குடை நிலாகிட்ட இருக்கு."

ஃபோனை அவள் காதில் வைத்தேன். அவள் பேசவில்லை. குடையை நேராகப் பிடித்தாள். மரத்தடியில் இன்னும் உள்ளே நகர்ந்தாள். காலிரண்டையும் சேர்த்து, முழங்காலை மடக்கி, எம்பி ஒரு குதி குதித்தாள். மரம் அசையவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் தாழ்ந்த கிளையொன்றை எட்டிப் பிடித்து உலுக்கினேன்.